கை உயர்த்தாத மூன்று நாட்கள்

ஜெர்மனியில் நான் போட்ட முதலாவது வாக்கை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே எரிச்சல் வரும். குடியுரிமை கிடைத்துச் சில காலத்தில் எங்கள் மாநிலத்துக்குத் தேர்தல் வந்தது. முதலமைச்சராக வர நின்றவர் பள்ளிக்கூடங்களைத் திருத்தப்போவதாகச் சொன்னார். ஆசிரியர்களைக் கூட்டுவாராம், பாடங்கள் தவறாமல் நடக்குமாம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவனை மயக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஹம் நகரில் கம்பி செய்யும் தொழிற்சாலையில் காது அடைக்க நின்ற எனக்கு, ஒரே மகள் நன்றாகப் படித்தால் போதும் என்றிருந்தது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவிதான் இழுத்தாள். "எங்கட வேலையிடத்தில அந்தாளைப் பற்றி ஒருத்தரும் நல்லாக் கதைக்கேல்லை. யோசிச்சுப் போடுங்கோ."

"பள்ளிக்கூடத்தைத் திருத்துறன் எண்டு சொல்லுற மனிசன் பிழையாய் இருக்கேலாது" என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அவர் வந்தார். இப்போதும் கொலோனில் எங்கள் ஆட்கள் கூடினால் அவருடைய ஆட்சிக் காலம் பேச்சில் வரும். ஆசிரியர்களைக் கூட்டினார்தானே என்பார் ஒருவர். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் வந்ததும் அவர் காலத்தில்தான் என்று இன்னொருவர் பாய்வார். நிலக்கரிச் சுரங்கங்களை மூட முடிவெடுத்ததில் அவருக்கும் பங்குண்டு என்று மூன்றாமவர். நான் தேநீர் எடுக்கிற சாட்டில் எழும்பிவிடுவேன். அவர் கொண்டுவந்ததில் எனக்குத் தெரிந்தது ஒரேயொரு சட்டம். அதுவே போதும்.

இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் போகக்கூடியவர்களுக்குக் கிம்னாசியம், கைத்தொழிலுக்குப் போவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு ஹவுப்ட்ஷூல. இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில. எந்தப் பள்ளிக்கூடம் பொருந்தும் என்று வகுப்பு ஆசிரியை எழுதித் தருவார். முன்பு அது ஆலோசனைதான், கடைசி முடிவு பெற்றோருடையது. அவர் வந்த பிறகு ஆசிரியை எழுதியதே முடிவானது. மாட்டேன் என்கிற பெற்றோரின் பிள்ளை மூன்று நாள் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்து காட்டவேண்டும். அதைப் பார்த்து கல்வித்துறை ஆட்கள் மூன்று பேர் தீர்ப்புச் சொல்வார்கள்.

மகளுக்கு ஹவுப்ட்ஷூல என்று எழுதியிருந்தது.

நாங்கள் இடிந்துபோனோம். கணக்கில் பிழைவிடாத பிள்ளை. நாலு வருடமும் பெற்றோர் சந்திப்புகளில் ஆசிரியை சொன்னது ஒன்றுதான்: உங்கள் மகள் மிகவும் அமைதி. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அதை மெச்சித்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஒருமுறை பலகாரமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் புத்தியில் ஏறவேயில்லை. ஆசிரியர் முன்னால் வாயைத் திறந்து அடி வாங்கி வளர்ந்தவனுக்கு அது எப்படி ஏறும்?

மூன்று நாள் பரீட்சைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்தோம். தொழிற்சாலையில் லீவு எடுத்து மகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் மூன்று நாளும் அவளுக்கு ஒரே பாடம்தான் சொன்னேன். "அங்க வாய் காட்டக்கூடாது. கேட்டால் மட்டும் மறுமொழி சொல்லவேணும். மற்றப் பிள்ளையள் துள்ளினாலும் நீங்கள் பேசாமல் இருந்து வடிவாய் எழுதுங்கோ." அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். சொன்னதைத் தட்டாத பிள்ளை.

முடிவு சொல்ல நாளும் நேரமும் குறித்து டெர்மீன் தந்து எங்களைக் கூப்பிட்டார்கள். மூவரில் மூத்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். எழுத்து வேலை பரவாயில்லை என்றார். ஆனால் மூன்று நாளில் ஒரு தடவைகூட உங்கள் மகள் கை உயர்த்தவில்லை, தானாக ஒரு சொல் பேசவில்லை, கிம்னாசியத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாள் என்றார். மற்ற இருவரும் அதே கருத்து. கதவுக்கு வெளியே மகள் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அவையள் கேட்டதுக்கு உமக்கு மறுமொழி தெரியாதோ?"

"எல்லாம் தெரியும் அம்மா. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். அந்த மனிதர் சட்டம் போட்டார், சரி. அவர் என் மகளைக் கண்டதே இல்லை. பக்கத்தில் இருந்து அவள் வாயைக் கட்டியது யார்? அவருக்கு வாக்குப் போட்டதும் நான், அவர் வைத்த பரீட்சையில் பிள்ளையைத் தோற்கடித்ததும் நான். பிறகு வந்த அரசு அந்த மூன்று நாள் கூத்தை எடுத்துவிட்டது. அதற்குள் எங்கள் பிள்ளைக்குப் பருவம் தவறிவிட்டது.

ஹவுப்ட்ஷூலவில் அரைவருட ரிப்போர்ட் வந்தது. அந்த வருடம்தான் நான் வாக்குப் போட்டவரின் அரசு இன்னொரு புதுமை செய்திருந்தது. பாடங்களோடு பிள்ளைகளின் நடத்தைக்கும் புள்ளி போட வேண்டுமாம். மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து தாளை என் மடியில் விரித்தாள். ஒழுங்கு, பொறுப்பு, மற்றவர்களோடு பழகுதல், எல்லாவற்றுக்கும் மிகச் சிறப்பு. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் மாதக்கணக்கில் கண்டிருக்கவில்லை.

"அப்பா, இதைக் கொண்டுபோய்க் காட்டினா என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடுவினமோ?"