பிரிவு என்று ஒரு கட்டம்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் பேருந்துப் பட்டியல் தயாரிக்கும் வேலை கிடைத்தது. நானாகப் பிடித்த முதல் வேலை. எந்த நிறுத்தத்தில் யார் யார் ஏறுவார்கள் என்று ஓட்டுநரின் கைப்பேசியில் காட்ட வேண்டும். ஆள் இல்லாத நிறுத்தத்தில் வண்டி நிற்காது. இரண்டாம் நாளே ஓட்டுநர் அழைத்தார்.

"ஏலே தம்பி, அந்த ஸ்டாப்புக்கு ஆளே இல்லைன்னு காட்டுச்சு. நாலு பொம்பளைக கைய ஆட்டுறாக, நான் பாட்டுக்குத் தாண்டி வந்துட்டேன். இப்ப ஏச்சு பூரா எனக்கு."

பின்னாலேயே மேலாளர் பேசினார். நாளை மதிய ஷிஃப்டுக்கும் இப்படி ஆனால் பழைய நோட்டுக்கே போய்விடுவோம் என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திண்டுக்கல் அறையில் நானும் மடிக்கணினியும்தான். இணையக் குழுவில் கேள்வி போட்டேன். ஒருவர் கட்டைவிரல் படம் வைத்துவிட்டுப் போனார். அம்மா போன் செய்தாள்.

"சாப்டியா?"

"ஒரு சொந்தம் விட்டுப்போச்சும்மா. தேடிக்கிட்டு இருக்கேன்."

"யாரு வீட்டுல?"

"கம்ப்யூட்டர்லம்மா."

"சரி, சோத்தத் தின்னுட்டுத் தேடு."

ஒரு அட்டவணையின் வரியை இன்னொரு அட்டவணையோடு சேர்த்துக் கட்டும் எண்ணை ஃபாரின் கீ என்போம். நான் தொழிலாளியை ஊரோடு கட்டியிருந்தேன், நிறுத்தத்தையும் ஊரோடு கட்டியிருந்தேன். தொழிலாளிக்கும் நிறுத்தத்துக்கும் நேராக எதுவும் இல்லை. ஊரும் நிறுத்தமும் ஒன்றுதானே என்ற நினைப்பு. பேருந்து நுழையாத ஊர்க்காரர்கள், ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோயிருந்தார்கள்.

ஆலைப் பதிவேட்டின் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'பிரிவு' என்று ஒரு கட்டம், சிலருக்கு மட்டும் டிக். வேலைப் பிரிவை அரைகுறையாக நிரப்பியிருக்கிறார்கள் என்று அதை விட்டிருந்தேன். அந்த நால்வருக்கும் டிக் இருந்தது. ஊர்ப் பாதை மெயின் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில், 'பிரிவில்' வந்து ஏறுகிறவர்கள்.

வடமதுரைப் பக்கம் எங்கள் ஊருக்குள்ளும் பேருந்து வராது. ஆறாம் வகுப்பிலிருந்து பிரிவில் நின்றுதான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. படித்த எனக்கு மட்டும் அந்தப் பொருள் தோன்றவேயில்லை.

தொழிலாளி அட்டவணையில் நிறுத்தத்துக்கு ஒரு ஃபாரின் கீ சேர்த்தேன். முதலில் காலியாக இருக்க விட்டு, ஒவ்வொருவருக்கும் நிறுத்தத்தை நிரப்பி, பிறகு காலியாக விடவே முடியாதபடி மாற்றினேன்.

மறுநாள் மதியம் அந்தப் பிரிவுக்கே பைக்கில் போய் நின்றேன். நான்கு பெண்களும் முக்காட்டோடு வந்தார்கள். பேருந்து வேகம் குறைந்து நின்றது. கடைசியாக ஏறியவர் திரும்பினார்.

"ஏறலையா அப்பு? வண்டி போயிரும்."

"இல்லக்கா, சும்மா நிக்கிறேன்."

"இம்புட்டு வெயில்ல சும்மா நிக்கிறானாம்," என்று உள்ளிருந்து ஒரு குரல். சிரிப்போடு பேருந்து கிளம்பியது.

நால்வரும் ஏறிவிட்டார்கள் என்று மேலாளருக்கு எழுதினேன். 'சரி' என்று வந்தது. அதை இரண்டு முறை படித்தேன்.