மாடியறைக்கு வந்த பதில்

ஜெலுத்தோங் மோகனராஜுக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் வேலை ஓடாது. வீடுகளுக்கு ஒயர் இழுக்கும் அவர் வேலையும் ஒற்றை ஆள் வேலை அல்ல. வீட்டில் போன், டிவி, ஸ்பீக்கர் எங்கே இருந்தாலும், எல்லா ஒயரும் மாடிப்படிக்குக் கீழே ஒரே பெட்டிக்கு வந்து சேர வேண்டும். பெட்டியருகே ஒருவர், அறையில் ஒருவர். இருவர் கையிலும் ஒயரில் செருகிப் பேசும் சோதனைப் போன். மேலிருந்து "வருதா?" என்று கேட்டால், கீழிருந்து "வருது, அடுத்தது பாரு" என்று பதில் வரும். வருடக்கணக்கில் இருமிக்கொண்டே அந்தப் பதிலைச் சொன்னவர் கூட்டாளி சின்னையா. போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய போனை அவரோடு வைத்து எரிக்கச் சொன்னதே மோகனராஜ்தான்.

பிறகு, ஒயர் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிகிற கருவிதான் துணை. அந்தச் சனியன் பேசாது.

கிரீன் லேனில் ஜெகதீஸ்வரி என்பவரின் வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்தார். அந்தம்மாளுக்குக் குளியலறையில்கூட ஸ்பீக்கர் வேண்டும். நல்ல மத்தியானம். மாடியறையில் பழைய பழக்கத்தில் தன் போனைச் செருகி, "வருதா?" என்றார்.

"வருது. அடுத்தது பாரு."

சின்னையாவின் குரல். மோகனராஜ் கீழே ஓடிப் பார்த்தார். பெட்டியருகே யாரும் இல்லை. ஜெகதீஸ்வரி சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பயம்தான். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. அடுத்த அறைக்கு ஓடினார். அங்கும் அதே குரல், அதே இருமல்.

அறைகள் தீர்ந்துகொண்டே வந்தன. வேலை முடிந்தால் குரலும் போய்விடுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

"அக்கா, ஸ்டோர் ரூமுக்கும் ஒரு போன் போட்டுறலாமா? சும்மாதான்லா."

"அங்க அரிசி மூட்டைதானே இருக்கு? யாருண்ணே எடுப்பா?" என்று சிரித்தார் ஜெகதீஸ்வரி.

கடைசி அறை. "வருதாண்ணே?"

"வருது. முடிஞ்சது மோகன்." கொஞ்ச நேரம் இருமல். "அங்க தனியா இருக்க முடியலலா. கீழ நம்ம வேன்ல உக்காந்திருக்கேன். வா, போலாம்."

போகத்தான் மனம் துடித்தது. ஆனால் அந்த வேனில் ஏறினால் திரும்பி வர முடியாது; வீட்டில் மனைவி காமினி சோறு வைத்துக் காத்திருப்பாள். மோகனராஜ் கட்டரை எடுத்து, தான் இழுத்த ஒயரைத் தானே வெட்டினார். பின்வாசல் வழியாக வெளியேறினார். வேன் சாவி அவர் பையில்தான் இருந்தது.

முன்வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது.

"அண்ணே, உங்க ஆளு வேன்ல கூப்பிடுறாருலா!" என்று ஜெகதீஸ்வரி கத்தினார்.

மோகனராஜ் நிற்கவில்லை. அழுதுகொண்டே ஜெலுத்தோங்கில் இருந்த தன் வீடு வரை நடந்தார்.