பெரியப்பா வீட்டுக் கணினி

எங்கள் வீட்டுக் கணினி ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. அதற்கு உயிர் கொடுத்தவர் சித்தப்பா. பெரியப்பா நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த நஞ்சன்கூடு தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, மைசூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணினியில்தான் அம்மா ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகளைத் தட்டச்சு செய்தாள். ஒருநாள் அச்சகத்திலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அங்கே புது மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். நாங்களும் மாறாவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். சித்தப்பாவின் லினக்ஸோ கொஞ்சம் வீம்பு பிடித்த வகை. புது மென்பொருள் வேண்டுமென்றால் கணினியே அதை மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். எங்களுடையது ராப்பகலாக உழைத்தாலும் ஒரு வாரம் ஆகும். வேகமான கணினிக்கு ஒரு மத்தியானம் போதும். எங்களுக்குத் தெரிந்து அப்படியொன்று பெரியப்பா வீட்டில்தான் இருந்தது.

சித்தப்பா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பெரியப்பா வீடு இருந்த விஜயநகர் வரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அதை அணைத்துக்கொண்டு போனேன். வேலையை விட்ட பிறகு சித்தப்பா அந்த வாசலை மிதித்ததில்லை.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "மிஷின் கெட்டா யாருப்பா ஜவாப்தாரி?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா, பெரியப்பா மகனுடைய கணினியைத் திறந்து எங்கள் டிஸ்க்கை மாட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. விளையாட்டு பாதியில் நின்ற எரிச்சலில் அந்த அண்ணன், "உங்க மனேல சொந்தமா ஒண்ணு வாங்க மாட்டீங்களா?" என்றான். பெரியம்மா உப்பிட்டு என்று கொடுத்த உப்புமாவைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். புது மென்பொருள் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பெருமையில் நான் முந்திக்கொண்டு அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்: சட்டவிரோதமான கட்டளை. அடுத்தவர் கணினியைத் தொட்டதற்காக மாட்டிக்கொண்டோம் என்றே நம்பினேன்.

சித்தப்பா சிரித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சட்டமெல்லாம் இல்ல கண்ணு. அந்த மிஷின் தனக்குத் தெரிஞ்ச பாஷையில கட்டிருச்சு. நம்ம கிழட்டு மிஷினுக்கு அது புரியாது. இதுக்குத் தகுந்த மாதிரி கட்டுன்னு நான் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

மறுநாள் மீண்டும் போனோம். பெரியப்பாவின் கூடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். "என் தம்பி. படிச்ச படிப்புக்கு வீடு வீடா டப்பாவைத் தூக்கிட்டுத் திரியறான்" என்று அவர்களிடம் சொன்னார் பெரியப்பா. யாரோ சிரித்தார்கள்.

"தப்பு என்னுதுதாங்கண்ணா. இன்னொரு வாட்டி மட்டும் விடுங்க" என்றார் சித்தப்பா. அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

பெரியப்பா அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். நஞ்சன்கூடு என்ற பெயர் மட்டும் வெளியே கேட்டது. கூடத்தின் நடுவில் டிஸ்க்கோடு நின்றிருந்த என்னைக் காட்டி ஓர் அம்மாள், "இந்த ஹுடுகி, இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டாள். "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா காபி எடுக்கப் போனாள். தரையில் பதித்திருந்த கற்களின் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்த சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நேரே கணினியிடம் போனார்.

இந்த முறை வீட்டுக்கு வந்து மாட்டியதும் மென்பொருள் திறந்தது. கட்டங்கள் இருந்த இடத்தில் மாப்பிள்ளை பெயரும் பெண்ணின் பெயரும் முகூர்த்த நேரமும் பளிச்சென்று வந்தன. அம்மா அன்றே வேலையை முடித்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் சித்தப்பா தொழிற்சாலைச் சீருடையைப் போட்டுக்கொண்டு நஞ்சன்கூடு பஸ் ஏறப் போனார். அம்மா சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தெருமுனை தாண்டும்வரை கதவருகே நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எழுத்தெல்லாம்தான் சரியாகத் தெரிகிறதே, இனிமேல் பெரியப்பா வீட்டுக்கும் போக வேண்டியதில்லையே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.