கொட்டகைக்குள் வந்தவர்களும் வராத ஒருவரும்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் கால் வலிப்பதற்கு முன்னால் வாய் வலிக்கும். என்னைப் போலவே ஊர் காட்டி வாயை வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் எனக்கு இதுதான் பிழைப்பு. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கிற யாத்திரைக் கூட்டத்தை லாட்ஜ்காரர்கள் என்னிடம் தள்ளிவிடுவார்கள். அரண்மனை வாசல், கடைத்தெரு என்று நடத்திக் கூட்டிப்போய், கடைசியாக வெள்ளைக்காரன் காலத்து நாடகக் கொட்டகையில் கொண்டுபோய் விடுவேன். வெயிலில் வந்தவர்களுக்கு அந்த நிழலே போதும், மகராசனா இரு என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். கொட்டகை போனால் என் பிழைப்பில் பாதி போச்சு. அது போகிற மாதிரிதான் இருந்தது.

ஓடு மாற்றுகிறவர்

கொட்டகைக்குச் சொந்தக்காரர் வேலு அண்ணே. துரைமார் நாடகம் போட்ட இடத்தை அவருடைய அய்யா வாங்கி சினிமா ஓட்டினார். டிவி வந்து ஆள் வராமல் போனதும் பூட்டிவிட்டார்கள். எனக்காக மட்டும் வேலு அண்ணே வந்து திறந்துவிடுவார். ஒருநாள் பூட்டைத் திறந்துகொண்டே, "மதுரையில இருந்து ஒருத்தர் பாக்க வாராரு. இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போறாராம்" என்றார்.

துரைசானிகள் உட்கார்ந்த மாடமாச்சே, தேக்கு உத்திரமாச்சே, இதை விற்க மனசு வருமா என்று புலம்பித் தீர்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏலே, நீ வந்து கதை சொல்லிட்டுப் போயிருவ. ஐப்பசி மழையில ஏணி போட்டு ஓடு மாத்துறவன் நானு."

அலங்காரம்

அந்த வாரமே கரூர்ப் பக்கத்துக் கூட்டம் ஒன்று வந்தது. காலையிலிருந்து கோயில் கோயிலாகப் போனவர்கள். கொட்டகையின் கல்தூணைக் கண்டதும் அத்தனை பேரும் வாசலிலேயே செருப்பை விட்டார்கள். உள்ளே மேடையில் படுதா மூடியிருந்தது. நான் துரைமார் கதையை ஆரம்பித்தேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று படுதாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அம்மா, இது கோயில் இல்லம்மா, நாடகக் கொட்டகை" என்று கூட்டத்தைக் கூட்டிவந்த அம்மாளிடம் சொன்னேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அவசரப்படுத்தாதீங்க தம்பி, உள்ள அலங்காரம் நடக்குதுங்க. திரை எடுத்ததும் கும்பிட்டுப்போட்டுப் போயிரலாமுங்க."

மதுரைக்காரர்

அந்த நேரம் பார்த்தா வேலு அண்ணே மதுரைக்காரரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்! அளக்கிற டேப்பும் கையுமாக நுழைந்தவரைப் பார்த்து, "செருப்பு, செருப்பு" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். மனுஷர் பதறிப்போய்க் கழற்றிவிட்டு, என்ன ஏதென்று கேட்காமல் ஆண்கள் பக்கம் போய் நின்றார். வேலு அண்ணனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "இங்கன என்ன சாமியா இருக்கு? நல்லாப் பாத்துக்கங்க!" என்று கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

படுதா விலகியது. உடைந்த நாற்காலிகள், பின்னால் கடலும் நிலாவும் வரைந்த பழைய சீலை. அவ்வளவுதான். ஆனால் திரை விலகினால் கை தானாகக் குவிந்துவிடுகிறதே! அத்தனை பேரும் கும்பிட்டார்கள். மதுரைக்காரரும்தான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்தவர் நாற்காலிகளைப் பார்த்தார், குவிந்திருந்த தன் கையைப் பார்த்தார், டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. கும்பிட்ட இடத்துல கடப்பாரை போட எனக்கு மனசு வராது."

காரில் வந்தவர்

அன்றைக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம். வேலு அண்ணே முணுமுணுத்துக்கொண்டே என்றாலும் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். மறு வருஷம் இன்னொருவர் காரில் வந்தார். தெருவில் நின்றபடியே நீள அகலம் கேட்டார். எனக்கு ஒரு நப்பாசை. "உள்ள வந்து ஒரு தடவ பாருங்க சார், படுதாவத் திறந்து காட்டுறேன்" என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டேன். வாசற்படியில்கூட அவர் கால் வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "உள்ள எதுக்குங்க? நான் வாங்குறது மனையத்தான?"

உள்ளே காலெடுத்து வைத்தவரை எப்படியாவது மடக்கிவிடலாம், தெருவில் நின்றே விலை பேசி முடிக்கிறவரிடம் மட்டும் நம் வாய் செல்லுபடியாவதில்லை.