கழுகுக்குக் கீழே இருந்த சிங்கங்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் இல்லை. உச்சியில் கூர் வைத்த மூன்று பழைய ஜெர்மன் இராணுவத் தலைக்கவசங்கள் இருக்கின்றன. குழாய் திருத்த வந்த போர்கோ வெக்கியோப் பகுதிக்காரர் ஒருவர், "பூப்பி ஆட்டுகிறீர்களா?" என்று கேட்டார். பூப்பி என்பவை இந்த ஊரின் கவசம் போட்ட மரப்பொம்மைகள். "இல்லை, இவை உண்மையானவை" என்றேன். "ஓ, பெரிய பொம்மைகளுக்கு!" என்று மரியாதையோடு தலையாட்டினார்.

"அங்கை ஹெல்மெட்டைக் கண்டு ஓடினியள். இஞ்சை அதைத் தேடி ஓடித்திரியிறியள்" என்பாள் என் மனைவி. உண்மைதான். யாழ்ப்பாணத்தில் இராணுவக் காவலரண் தெரிந்ததுமே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். ஹெல்மெட்டுக்குக் கீழே இருந்த ஒரு முகமும் எனக்கு நினைவில்லை, நிமிர்ந்து பார்த்தால்தானே. பலெர்மோவின் ஞாயிற்றுச் சந்தையில் முதல் தலைக்கவசத்தை வாங்கியபோது, அதைக் கவிழ்த்து உள்ளே நெடுநேரம் பார்த்தேன். அது போலி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வெட்கத்தில் அகராதியும் கையுமாக ஜெர்மன் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினேன். தோல், தையல், அரக்குப் பூச்சு, துளைகளின் இடைவெளி எல்லாம் படித்தேன். அன்று அவை என்னை விசாரித்தன. இப்போது நான் அவற்றை விசாரிக்கிறேன்.

நான் ஒன்பது வருடமாகத் துப்புரவு வேலை செய்யும் வீட்டுக்காரம்மா, நான் சிக்னோரா என்று அழைப்பவர், போன வசந்தத்தில் மேசையில் ஒரு தலைக்கவசத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். கட்டட வேலைக்கு ஜெர்மனி போன அவருடைய தாத்தா, மியூனிக்கில் ஒரு சிப்பாய் நண்பன் தந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்தது. மிலானோவிலிருந்து வந்திருந்த நிபுணர் அதைத் தள்ளி வைத்துவிட்டார். மியூனிக், ஜெர்மனியின் பவேரியா அரசின் தலைநகர். முகப்பிலோ இன்னொரு ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கழுகு. உள்ளே தேவையில்லாத இரண்டு துளைகள் வேறு. "துண்டு துண்டாக ஒட்டிய போலி, சிக்னோரா. உங்கள் தாத்தா கதை விட்டிருக்கிறார்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"தூசியைப் பிறகு துடைக்கலாம்" என்றார் நிபுணர்.

"தூசிக்காக இல்லை. நான் இவற்றைச் சேர்க்கிறவன்."

சிக்னோரா என்னை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

பிழை விட்டால் அந்த வீட்டில் மறுபடி எந்த முகத்தோடு நிற்பது? முகப்புத் தகட்டை உள்ளே பிடித்திருந்த இரண்டு தோல் ஆப்புகளையும் மெல்ல இழுத்தேன். கழுகு கையோடு வந்தது. அதற்குக் கீழே, வெயில் படாத கறுப்பு அரக்கில், இன்னொரு தகட்டின் நிழல் தெரிந்தது. ஒரு கேடயம், இரு பக்கமும் எழுந்து நிற்கும் சிங்கங்கள். பவேரியாவின் சின்னம். அந்த இரண்டு துளைகளும் அதற்கு உரியவை.

"கவசம் அசல். தாத்தா பொய் சொல்லவில்லை. தகட்டை யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்."

நிபுணர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "சரிதான்" என்றார் கடைசியில்.

"அப்பாவாக இருக்கும். அவருக்குக் கழுகு பிடிக்கும்" என்றார் சிக்னோரா. அழுகையோடு சிரிப்பும் வந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "ஓமே? அந்தாள் உங்களட்டைத் தோத்துப்போச்சே?" என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் முழுக்கதையும் சொன்னேன்.

அடுத்த வாரம் சிக்னோரா தடித்த தாளொன்றை நீட்டி, பரிசோதித்ததை எழுதித் தரச் சொன்னார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதிக்காக எத்தனையோ தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். எல்லாம் நான் யார் என்று நிரூபிக்க. இன்னொன்று அசல் என்று நான் சாட்சி சொல்லும் முதல் தாள் இது. இத்தாலிய மொழியில் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். இடம் என்றிருந்த கோட்டில், யோசிக்காமல், பலெர்மோ என்று அவர்களின் எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, அதையும் யோசிக்காமல், என் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டேன்.