குழாயில் நின்ற கால் வாளி

இளைப்பு உள்ள என் மகளின் அறைக்கு, வெளிக்காற்றை மண்ணுக்கடியில் குளிரவைத்துக் கொண்டுவரும் குழாயைப் பதித்தவர் செட்டியார்பட்டி பிளம்பர். ஒல்லியான மனிதர், முழங்கால்வரை செம்மண். மண் போட்டு மூடும் முன் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழ்முனையில் பிடித்து அளப்பார். அன்று முக்கால் வாளிதான் வந்தது. அய்யனார் கோவில் மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

"மழை வருது அண்ணே, மூடிரலாமே," என்றேன்.

"குழாய் நடுவுல பள்ளமா இறங்கியிருக்கு அண்ணாச்சி. தண்ணி நின்னா பூஞ்சை பிடிக்கும். அந்தக் காத்தைத்தான பாப்பா இழுக்கும்? செத்த பொறுங்க."

கழற்றி மறுபடி பதித்தார். இரண்டு முறை வாளி நிறைந்தது. மூன்றாம் முறையும் ஊற்றி, வாளி நிறையும்வரை கவலை படிந்த முகத்தோடு கீழ்முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்ற நான் அவசரப்பட்டேன், யாரோ ஒருவர் பயந்தார். இப்போதும் மகள் இருமினால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.