கதவு முதலில், வீடு பிறகு

நாற்பது வயது வரைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றியது கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா. முன்னால் பாதிச் சுவர் வைத்த சின்ன இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. அதற்குள் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், நான். இஸ்தோப்பில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொள்வேன். உடை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அறிவிக்க வேண்டும். அண்ணன் எழுந்து வெளியே போய் வாசலில் நின்று பீடி பற்றவைப்பார். அவர் அந்த நேரத்தில் வாசலில் நின்றால் நான் உள்ளே சேலை மாற்றுகிறேன் என்று லயத்துக் கடைசி வீடு வரைக்கும் தெரியும். மழை நாளில் அவர் முனகுவார். அவர் நனைகிறாரே என்று நான் அவசர அவசரமாகக் கொசுவம் சொருகுவேன். அந்த அவசரத்தைத்தான் நான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை.

எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். அதனால் எல்லாரும் என்னை டீச்சர் என்பார்கள். முகத்துக்கு முன்னால் டீச்சர், முதுகுக்குப் பின்னால் பிடிவாதக்காரி. இரண்டும் சரிதான்.

ஒரு வருடம் விடாமல் பெய்த மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து சுவர்கள் வெடித்தன. இனி அங்கே ஆட்கள் இருக்கக் கூடாது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று முடிவாயிற்று. வீட்டுத் திட்ட அதிகாரி ஒருவர் வந்தார். இளவயதுக்காரர், மரியாதையான ஆள். காலையில் வேலைக்குப் பெயர் போடுகிற பெரட்டுக்களத்தில், கொட்டகைச் சுவரில் வீட்டு வரைபடம் போட்ட இரண்டு பிளேன்களை ஒட்டினார். பரப்பளவு இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதில் பெரிய ஹோல், ஒரு அறை. இரண்டாவதில் ஒடுங்கிய ஹோல், இரண்டு சின்ன அறை. குடும்பத்தலைவர் எதையாவது ஒன்றைத் தெரிந்தெடுத்து அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, நன்றாகப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஹோல் பெரிது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் லயமே முதலாவது பிளேனுக்கு மாறிவிட்டது. சடங்கு வைக்கலாம், சோபா போடலாம், நாலு பேர் வந்தால் உட்கார வைக்கலாம்.

அண்ணனும் அதைத்தான் சொன்னார். நான் இரண்டாவது என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு அறை வேண்டும் என்றேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

“நீ தனியாளு. ஒனக்கு என்னாத்துக்கு ரூமு?”

தனியாள் என்றால் காற்றா நான், எங்கும் கிடக்க? கேட்டேன். நன்றாகவே கேட்டேன், பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைக்கிற அளவுக்கு. கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் மறைவு வேண்டும், ஆகாதவளுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு அண்ணனுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் இருந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, கிடைத்ததை வைத்துக்கொண்டு இருங்கள், எனக்கு எதுவானாலும் சரி என்றார். என் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அம்மா மேல் எனக்கு அன்றைக்கு ரொம்ப ஆத்திரம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்குப் பிளேன் பார்க்கத் தெரியாது, ஆனால் துணி வெட்டத் தெரியும். டவுனில் தையல் வகுப்புக்குப் போன காலத்தில் முதலில் கடதாசியில் சின்னதாக வரைவோம், பிறகு அதையே முழு அளவில் துணியில் போடுவோம். வீட்டையும் அப்படிப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோர்க்காரரிடம் கேட்டு, தேயிலைக்குப் போடுகிற டொலமைட் தூளில் கட்டிதட்டிப்போன அரை மூட்டையை வாங்கினேன். அண்ணி ஒரு முனையில் நூலைப் பிடிக்க, நான் பிளேனில் இருந்த அடிக்கணக்கைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வீடுகளையும் பெரட்டுக்களத்துத் தரையில் வெள்ளைக் கோடாகப் போட்டு முடித்தேன். கடதாசியில் அங்கங்கே சின்னச் சின்ன வளைவுக் கோடுகள் இருந்தன. அவை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முதலில் சிரிக்கத்தான் வந்தார்கள். பிறகு ஒருவர் உள்ளே காலை வைத்தார். ஹோல் என்று எல்லாரும் பெருமையடித்த இடத்தில் ஆறு பாய் விரித்தோம். அடுப்படிக்குப் போக வழியில்லை, யாராவது ஒருவரைத் தாண்டித்தான் போக வேண்டும். விடியக்காலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெண்கள் உடனே விளையாட்டில் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி ரொட்டி தட்டினாள், ஒருத்தி பிள்ளைக்குச் சடை பின்னினாள், ஒருத்தி குளித்துவிட்டு ஈரத்தோடு வருவதாக நடித்து, எங்கே போவது என்று தெரியாமல் நடு ஹோலில் நின்றாள். மாமனார் முறைக்காரர் ஒருவர் சரியாக அந்த நேரத்தில் டீ கேட்டு உள்ளே வந்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே டீதான் கேட்டார். சிரித்துச் சிரித்துப் பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியது. புது மருமகளைக் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு வீட்டுக்காரி மட்டும் சத்தமில்லாமல் எழுந்து இரண்டாவது வீட்டின் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டாள்.

தோட்டத்துத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. சங்க விஷயமெல்லாம் அவர் கையில் இருந்தது. முதலாவது பிளேனுக்கு முதல் ஆளாகத் தலையாட்டியவரும் அவர்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது டீச்சர் என்றார்.

“நாலு தலமொறையா இந்த மலையில கொழுந்து பறிச்சிருக்கோம் தலைவரே,” என்றேன். “இது தானமா?”

அவர் வேறு வழியில் வந்தார். நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் அந்த ஒடுங்கிய ஹோலில் பெட்டியை எங்கே வைப்பீர்கள், சொந்தக்காரர் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பவும் முதலாவது வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். பதில் சொன்னது அண்ணி. ஊருக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“செத்தவங்க ஒரு நாளு ரெண்டு நாளு கெடப்பாங்க. இருக்கிறவங்க எங்க கெடக்கிறது?”

சொல்லிவிட்டு, தன் பெரிய மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது வீட்டின் ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிள்ளை பெரியவளாகிற வயதில் நின்றது. அண்ணன் விறுவிறுவென்று வந்தார், எழுந்திரு, வீட்டுக்குப் போவோம் என்று. அண்ணி உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“செவுத்து வழியா வராதீங்க.”

என் அண்ணன் காலைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். கீழே குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் போய், முன்வாசல் வழியாக நுழைந்து, ஒடுங்கிய ஹோலில் நடந்து, அறைக்கு விட்டிருந்த இடைவெளியில் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் லயத்தில் சரிபாதிப் பேர் இரண்டாவது பிளேனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் பெரிய ஹோலுக்கே போட்டார். அது அவர் இஷ்டம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் முட்டாள்தனம் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் நின்றபோது, சும்மா இருக்க முடியாமல், இந்த வளைவுக் கோடெல்லாம் எதற்கு என்று அதிகாரியிடம் கேட்டேன். அது கதவு, எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுகிற குறி என்றார். நான் தேடிப் பார்த்தேன். முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று, குளியலறையில் ஒன்று. அறைகளில் இல்லை. இரண்டு அறைகளிலும் வெறும் இடைவெளி.

ஊரைக் கூட்டி, கோடு போட்டு, தலைவரோடு மல்லுக்கட்டி நான் வாங்கியது ஒரு ஓட்டை. அறைகளுக்குக் கதவு இல்லையா என்று கேட்டேன். திட்டத்தில் உள்கதவு சேர்க்கவில்லை என்றார். திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம், எப்படியும் உங்கள் ஆட்களுக்கு அதுதானே பழக்கம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகக் கொதித்தது.

“ஒங்க வீட்ல ரூமுக்குக் கதவு இருக்கா மாத்தயா?”

கேட்டது நல்ல சிங்களத்தில். விளங்கவில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பேனாவை மூடினார், திறந்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான், இரண்டு அறைக்கும் கதவு தேவை என்று சிங்களத்தில் எழுதினேன். அப்படி எழுதுவதில் பயனில்லை என்றார். பயனில்லாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே பெல்மதுளைப் பக்கம் போனேன். உடைத்த வீடுகளின் மரச்சாமான் விற்கிற கடை ஒன்று வழியில் உண்டு. பச்சைப் பெயின்ட் அடித்த கனமான ஒரு கதவு, நிலையோடு இருந்தது. உள்பக்கத்தில் நல்ல இரும்புத் தாழ்ப்பாள். நான் தாழ்ப்பாளைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று கடைக்காரர் கேட்டார். அத்திவாரமே இன்னும் வெட்டவில்லை என்றேன். கதவு முதலில் வரட்டும், வீடு பிறகு வரும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாலும், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றார்.

காசைக் கொடுத்து, கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, இஸ்தோப்புச் சுவரில் சாத்தி வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. போகிற வருகிற எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. மாப்பிள்ளை வருவதற்கு முந்தித் தாலி வாங்கி வைத்த கதை என்று தலைவர் சொன்னதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை வராவிட்டாலும் கதவு இருக்கும் என்று நானும் செய்தி அனுப்பினேன். அம்மா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால் அதைத் துடைப்பார். தூசி பிடிக்கக் கூடாதென்று துடைக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் கல் அடுக்கத் தொடங்கினார்கள். எனக்கும் அம்மாவுக்குமான அறையின் சுவர் எழும்புகிற நாளில் நாலு பேரைப் பிடித்துக் கதவைத் தூக்கிக்கொண்டு போய், இந்த நிலையை வைத்துச் சுற்றிக் கட்டுங்கள் என்றேன். பிளேனில் இல்லையே என்றார் மேசன் பாஸ்.

“பிளேன்ல இல்லாட்டி என்னா பாஸ். கையில இருக்கு.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு, மட்டம் பார்த்து, நிலையை நிறுத்தினார். அவருக்கு ஒரு நாள் வேலை பிந்தியது, அவ்வளவுதான். அண்ணி பக்கத்தில் நின்று, இந்த மாதிரிக் கதவு அந்தக் கடையில் இன்னொன்று இருந்ததா என்று என்னிடம் கேட்டார்.

பால் காய்ச்சிய அன்று பகல் சாப்பாட்டுக்கு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒடுங்கிய ஹோலில் நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் யாரும் சாப்பிடாமல் போகவில்லை. சாம்பார் கொட்டிய சேலையை மாற்ற வேண்டும் என்று ஒரு சாக்கு எனக்குக் கிடைத்தது. மாற்றுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, இத்தனை வருடம் காத்திருந்த பெருமிதத்தோடு அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பிள்ளைகளைத் தேடினேன். இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். அண்ணி அடுப்படியில். அம்மாவைத்தான் காணவில்லை. அண்ணன் பயந்துவிட்டார். வயதானவர், காலையிலிருந்து நின்றவர், மயங்கி விழுந்திருப்பாரோ என்று கதவைப் படபடவென்று தட்டினார்.

“என்னம்மா செய்றீங்க உள்ள?”

“ஒண்ணும் செய்யல,” என்றார் அம்மா. குரல் தெளிவாக இருந்தது. “சும்மா இருக்கேன்.”

சும்மா இருக்க எதற்குத் தாழ்ப்பாள் என்று அண்ணன் கேட்டார். பதினாறு வயதில் அந்த லயத்துக்கு வாழ வந்து, அங்கேயே இரண்டு பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, வாசலில் எல்லாரும் பார்க்கவே அழுது முடித்தவர் அவர். எனக்கு எதுவானாலும் சரி என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பிவிட்டேன். என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் திரும்பவும் தட்டக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“அம்மா சாத்தியிருக்காங்க. அவங்களாத் தொறப்பாங்க,” என்றேன்.

சாம்பார்ச் சேலையோடு அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். தலைவர் விடைபெற வந்து அம்மாவைக் கேட்டார். இப்போது பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.